தூரமும் ஒரு டோஸ்தான்: வெள்ளணு குறைந்த குழந்தையின் காய்ச்சலும் தருமபுரியும்

ரத்தப்புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த ஆன்டிபயாடிக்கை எவ்வளவு கொடுப்பது? குழந்தை மருத்துவ நூல்களில் இதற்கு அரைப் பக்கத்தில் விடை இருக்கிறது. செஃபிபைம் என்றால் கிலோவுக்கு 50 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பிப்பராசிலின்-டாசோபாக்டம் என்றால் இரண்டும் சேர்த்துக் கிலோவுக்கு 90 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. மெரோபெனம் கிலோவுக்கு 20, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இந்த எண்களில் பெரிய தகராறு கிடையாது. தகராறெல்லாம் வேறு இடத்தில்: முதல் ஊசி எங்கே, எத்தனை மணிக்குப் போடப்படுகிறது, அடுத்த ஊசி நேரத்துக்கு விழுகிறதா, பாட்டிலில் இருந்த மருந்து முழுவதும் உடம்புக்குள் போய்ச் சேருகிறதா, எப்போது நிறுத்துவது. அரை நூற்றாண்டு ஆராய்ச்சியைத் தருமபுரி மாவட்டத்தை மனத்தில் வைத்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு நேரம்தான் அளவு. தருமபுரியில் நேரம் என்றால் சாலை.

அரூருக்கு மேலே சித்தேரி மலை. பென்னாகரம் பக்கம் கோட்டூர், ஏரிமலை, அலகட்டு என்ற மலையூர்கள். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைமேல் ஏற்றி அனுப்பிய ஊர் என்று கோட்டூரின் பெயரைச் செய்தித்தாளில் பலர் படித்திருப்பார்கள். மாவட்டத் தலைநகரில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் குழந்தைப் புற்றுநோய்க்கு முழுச் சிகிச்சை என்று வரும்போது குடும்பங்கள் பெரும்பாலும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., பெங்களூரு கித்வாய் என்றுதான் கிளம்புகின்றன. சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கீமோ அங்கே ஏறுகிறது. வெள்ளணு எண்ணிக்கை, அதாவது கவுண்ட், அடிமட்டத்துக்கு இறங்குவதோ பொதுவாக ஏழு முதல் பதினான்கு நாள் கழித்து, குழந்தை வீடு திரும்பிய பிறகு. ஆக, மருந்து நகரத்தில், காய்ச்சல் ஊரில்.

காய்ச்சலுக்கும் கவுண்ட் குறைவுக்கும் இங்கே திட்டமான வரையறை உண்டு. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2010 வழிகாட்டி சொல்வது: வாயில் வைத்துப் பார்க்கும் வெப்பம் ஒரே தடவை 38.3 செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 101 ஃபாரன்ஹீட், அல்லது 38 செல்சியஸ், அதாவது 100.4, ஒரு மணி நேரம் நீடித்தல். கூடவே வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே இருப்பது, அல்லது 48 மணி நேரத்தில் அப்படி இறங்கும் என்று எதிர்பார்ப்பது. மொத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை இதில் நேரடியாக வருவதில்லை.

நம் ஊரில் இந்த இடத்தில்தான் பெரிய குழப்பம். மழைக்காலத்தில் டெங்கு வந்த குழந்தையின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வெள்ளணு 2,800 என்று இருக்கும். பெற்றோர் பதறுவார்கள். மருந்துக்கடையில் ஒரு ஆன்டிபயாடிக் சிரப் கைமாறும். அந்த 2,800-இல் நியூட்ரோஃபில் 45 சதவீதம் என்றால் கணக்கு 1,260 வருகிறது. டெங்கு வைரஸ் வெள்ளணுவைக் குறைப்பது நோயின் இயல்பு. அந்தக் குழந்தைக்குத் தேவை அளவான நீரும், வயிற்றுவலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு போன்ற எச்சரிக்கை அறிகுறிகளைக் கண்காணிப்பதும். டெங்குவில் ஆன்டிபயாடிக்குக்கு வேலை இல்லை. வைரஸ் காய்ச்சலில் சில நாள் கவுண்ட் இறங்கி, மற்றபடி தெம்பாக இருக்கும் குழந்தைக்குப் பெரிய பாக்டீரியா தொற்று வருவது அபூர்வம்.

கீமோ எடுத்த குழந்தையின் சீட்டு வேறு கதை. வெள்ளணு 900, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் கையில் இருப்பது 180. எலும்பு மஜ்ஜை ஒடுங்கிக் கிடக்கிறது, புதிதாக அணு வராது. வாயிலும் குடலிலும் உட்தோல் புண்ணாகியிருக்கும். குடலில் சும்மா இருந்த ஈ.கோலியும் கிளெப்சியெல்லாவும் அந்த வழியாக ரத்தத்துக்குள் இறங்கும். சீழ் கட்டுவதற்கு நியூட்ரோஃபில் வேண்டும். அது இல்லாததால் சீழ் இருக்காது, வீக்கம் இருக்காது, எக்ஸ்ரேயில் சளி தெரியாமல்கூடப் போகும். காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். சிகிச்சையின் தொடக்க மாதத்தில் கொடுக்கும் ஸ்டீராய்டு அந்த அடையாளத்தையும் மறைக்கக்கூடும். வீட்டில் காய்ச்சல் பார்க்காமலே பாராசிட்டமால் கொடுப்பது மீதியை மறைத்துவிடும். இரண்டு சீட்டிலும் ‘வெள்ளணு குறைவு’ என்றுதான் எழுதியிருக்கும். ஒன்றுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், மற்றொன்றுக்கு உடனே வேண்டும். இந்த வேறுபாட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்துக்கடையிலும் தெரிந்துவைத்திருப்பது எந்தப் புது மருந்தையும்விட அவசரம் என்று நான் நினைக்கிறேன்.

அணு குறையக் குறையத் தொற்று ஏறும் என்பதை எண்ணிக்கையோடு காட்டியவர் ஜெரால்டு போடி. 1966-இல் வெளியான அவருடைய ஆய்வு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ரத்தப்புற்றுநோயாளிகளை வைத்துச் செய்யப்பட்டது. ஆயிரத்துக்குக் கீழே ஆபத்து தொடங்குகிறது, நூறுக்குக் கீழே உச்சத்துக்குப் போகிறது. அதற்கு முன்பெல்லாம் ரத்தத்திலுள்ள பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரின் முடிவு வரும்வரை காத்திருந்தார்கள். முடிவு வருவதற்குள் பல நோயாளிகள் இறந்தார்கள். 1971-இல் ஷிம்ப்ஃபும் கூட்டாளிகளும் கார்பெனிசிலின், ஜென்டாமைசின் இரண்டையும் காய்ச்சல் கண்டதுமே தொடங்கி, காத்திருக்கக் கூடாது என்று நிறுவினார்கள். 1986-இல் குழந்தை மருத்துவர் பிலிப் பிட்ஸோவின் குழு செஃப்டாசிடைம் என்ற ஒரே மருந்து, மருந்துக் கூட்டுக்கு ஈடாக நிற்கும் என்று காட்டியது. இன்றுவரை நடக்கும் விவாதங்கள் அனைத்தும் இந்த மூன்று கட்டுரைகளின் வாரிசுகள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. 1980-களின் நடுவில் எம்.சி.பி.841 என்ற சிகிச்சை முறை அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றிலும் தொடங்கியது. குழந்தை ரத்தப்புற்றுநோயில் பிழைப்பவர்கள் எண்ணிக்கை அதன் பிறகு நன்றாகவே உயர்ந்தது. சிகிச்சை வலுவாக வலுவாகத் தொற்று மரணமும் கூடவே வந்தது. இந்தியாவில் புற்றுநோய் கட்டுப்பட்ட நிலையிலேயே இறக்கும் குழந்தைகளில் பெரும்பகுதியைத் தொற்றுதான் கொண்டுபோகிறது. குணமாகிக்கொண்டிருந்த குழந்தை ஒரு காய்ச்சலில் போய்விட்டது என்று ஒரு குடும்பம் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இந்த வரியின் கனம் தெரியும்.

முதல் ஊசிக்கு வருவோம். வாசலில் நுழைந்த 60 நிமிடத்துக்குள் மருந்து ஏறவேண்டும் என்பது பல மருத்துவமனைகள் வைத்திருக்கும் இலக்கு. இதற்கான சான்று நாம் நினைக்கும் அளவுக்குத் திடமானதல்ல. பெரும்பாலானவை பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகள். மோசமாக வந்த குழந்தைக்குத்தான் எல்லோரும் ஓடிவந்து ஊசி போடுவார்கள் என்பதால், சீக்கிரம் மருந்து பெற்றவர்களே அதிகம் இறந்ததுபோல்கூடச் சில கணக்குகளில் தோன்றும். ஐம்பதாவது நிமிடத்துக்கும் எழுபதாவது நிமிடத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்குமா என்று கேட்டால், தெம்பாக இருக்கும் குழந்தைக்கு அநேகமாக இல்லை. ஆனால் தருமபுரிக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. இரவு எட்டு மணிக்குச் சித்தேரியில் காய்ச்சல் கண்டு, கீமோ கொடுத்த இடத்துக்கே போய்விடலாம் என்று கிளம்பினால், மலை இறங்கி அரூர் வந்து வண்டி பிடித்துச் சென்னை சேர்வதற்கு விடிந்துவிடும். இங்கே வேறுபாடு நிமிடங்களில் இல்லை, ஓர் இரவு முழுவதும். ரத்தத்தில் ஈ.கோலி போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா இருக்கும் குழந்தைக்கு அந்த இரவு மிக நீளமானது.

அப்படியானால் முதல் ஊசியை அரூரிலோ பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ போட்டுவிட்டு அனுப்புவதுதான் சரி. ‘எங்களிடம் பெரிய ஆன்டிபயாடிக் இல்லை’ என்பது வழக்கமான தயக்கம். இந்தத் தயக்கத்துக்கு மருத்துவ ஆய்வுகளிலேயே பதில் இருக்கிறது. 1993-இல் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான இ.ஓ.ஆர்.டி.சி. ஒரு பெரிய ஒப்பீட்டை வெளியிட்டது. நாளுக்கு ஒருமுறை செஃப்ட்ரியாக்சோனும் அமிகாசினும் ஒருபுறம், நாளில் பல தடவை பிரித்துக் கொடுக்கும் செஃப்டாசிடைமும் அமிகாசினும் மறுபுறம். பலன் இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது. 1997-இல் குழந்தைகளில் மட்டும் செய்த ஒப்பீடும் அதையே சொன்னது. செஃப்ட்ரியாக்சோன் இல்லாத அரசு மருத்துவமனை அரிது, அமிகாசினும் அப்படித்தான்.

இந்த ஜோடிக்கு இன்னொரு தகுதி உண்டு, அதை ஏனோ யாரும் அழுத்திச் சொல்வதில்லை. செஃப்ட்ரியாக்சோன் உடம்பில் நீண்ட நேரம் தங்கும். அமிகாசின் ரத்தத்திலிருந்து இறங்கிய பிறகும் பாக்டீரியா தலைதூக்கச் சில மணி நேரம் பிடிக்கும். இரண்டும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை போடும் மருந்துகள். ஆம்புலன்ஸ் சேலத்தில் நின்றாலும் வேலூரில் படுக்கைக்குக் காத்திருந்தாலும் மருந்து வேலை செய்துகொண்டே இருக்கும். குறையும் உண்டு. சூடோமோனாஸ் பாக்டீரியாவைச் செஃப்ட்ரியாக்சோன் தொடாது, அதற்கு அமிகாசினை மட்டுமே நம்ப வேண்டும். செஃப்ட்ரியாக்சோனைச் செரித்துவிடும் ஈ.எஸ்.பி.எல். நொதியுள்ள பாக்டீரியா நம் நாட்டில் மலிந்துகிடக்கிறது. சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டிருந்தால் அமிகாசினில் கவனம் வேண்டும். எனவே இது பயணத்துக்கான மருந்து, போய்ச் சேர்ந்ததும் மாற்றிவிட வேண்டும். அதிர்ச்சி நிலையில், கைகால் சில்லிட்டு வரும் குழந்தைக்கு மருத்துவக் கல்லூரியில் இருப்பதிலேயே அகலமாகப் பாயும் மருந்தைக் கொடுத்து, ரத்த அழுத்தத்தை நிலைநிறுத்தியபின்தான் அனுப்ப வேண்டும். முடிந்தால் ஊசிக்கு முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பது நல்லது. கல்ச்சர் பாட்டில் இல்லை என்பதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி அளவு. குழந்தைக்குக் குறைவாகக் கொடுப்பதுதான் பாதுகாப்பு என்பது வீட்டிலும் வார்டிலும் ஊறிப்போன எண்ணம். செஃபிபைமை எடுத்துக்கொள்வோம். அறுபது கிலோ ஆளுக்கு 2 கிராம் என்றால் கிலோவுக்கு 33 மில்லிகிராம்தான் ஆகிறது, குழந்தைக்கோ கிலோவுக்கு 50. குழந்தையின் உடம்பில் எடைக்கு ஏற்ற நீர்ப்பங்கு அதிகம், மருந்து அதில் பரந்து நீர்த்துப்போகும். காய்ச்சலில் இதயம் வேகமாக அடிக்க, சிறுநீரகத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்ந்து, மருந்து இன்னும் சீக்கிரம் வெளியேறும். கவுண்ட் குறைந்து காய்ச்சலோடு இருக்கும் குழந்தைகளில் இது அடிக்கடி காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. கிரியேட்டினின் ‘நார்மல்’ என்று சீட்டு சொல்லும். சிறுநீரகமோ வழக்கத்தைவிட வேகமாக மருந்தைக் கழித்துக்கொண்டிருக்கும்.

பென்சிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனம் மூன்றும் பீட்டா-லாக்டம் குடும்பம். ரத்தத்தில் மருந்தின் செறிவு பாக்டீரியாவைத் தடுக்கும் மட்டத்துக்கு மேல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதுதான் இவற்றுக்கு முக்கியம். உச்சம் எவ்வளவு உயரம் என்பதற்கு அவ்வளவு மதிப்பில்லை. பிப்பராசிலினின் அளவு ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிறது. ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஆறு மணி நேரம் கழித்து உச்சத்தில் அறுபத்து நாலில் ஒரு பங்குதான் மிச்சம், எட்டு மணி நேரத்தில் இருநூற்று ஐம்பத்தாறில் ஒரு பங்கு. அளவை இரண்டு மடங்காக்கினால் கூடுதலாகக் கிடைப்பது ஒரே ஒரு மணி நேரம். ஓட்டைக் குடத்தில் ஒரேயடியாக நிறைய ஊற்றுவதைவிட விட்டுவிட்டு ஊற்றுவதே நீரை நிறுத்தும்.

இப்போது சாலையை நினைத்துப் பாருங்கள். மாலை ஆறு மணிக்குத் தருமபுரியில் பிப்பராசிலின் ஏறுகிறது. நள்ளிரவு சென்னை. அவசரப் பிரிவில் பதிவு, மறுபடி ரத்தப் பரிசோதனை, வார்டு. அங்கே முதல் டோஸ் அதிகாலை மூன்றரை. சீட்டில் இரண்டு டோஸும் முழு அளவு. இடையில் ஒன்பதரை மணி நேரம், அதில் கடைசிச் சில மணி நேரம் குழந்தைக்கு நியூட்ரோஃபிலும் இல்லை, மருந்தும் இல்லை. அனுப்பும் கடிதத்தில் ‘ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது’ என்று எழுதினால் போதாது. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு, அடுத்தது எத்தனை மணிக்கு என்று எழுதியிருந்தால் போய்ச் சேர்ந்த இடத்தில் நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு முதலில் ஊசியைப் போடுவார், பதிவு பிறகு நடக்கும்.

வார்டுக்குள்ளேயும் மருந்து காணாமல் போகும் இடங்கள் உண்டு. 14 கிலோ குழந்தைக்குப் பிப்பராசிலின்-டாசோபாக்டம் கிலோவுக்கு 90 என்றால் 1,260 மில்லிகிராம் தேவை. மருந்துக் குப்பி, அதாவது வயல், 4.5 கிராம். இருபது மில்லி நீர் விட்டுக் கலக்கி, ‘20 மில்லியில் 4,500, அதாவது மில்லிக்கு 225’ என்று கணக்குப் போட்டு 5.6 மில்லி எடுப்பார்கள். ஆனால் பொடிக்கும் கன அளவு உண்டு, கரைந்தபின் வயலில் 23 மில்லிக்கு மேல் இருக்கும். அந்த 5.6 மில்லியில் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 1,090. ஏழில் ஒரு பங்கு குழந்தைக்குப் போகவே இல்லை. பிறகு அதைச் சலைனில் சேர்த்து டிரிப்ஸாக ஏற்றுகிறார்கள். பாட்டில் காலியானதும் கழற்றிவிட்டால், குழாயில் நிற்கும் கடைசிப் பத்து பதினைந்து மில்லியும் அதிலிருக்கும் மருந்தும் குப்பைக்குப் போகின்றன. பெரியவருக்கு 100 மில்லியில் ஏற்றும்போது அது சிறு நஷ்டம், குழந்தைக்கு 30 மில்லியில் ஏற்றும்போது பெருநஷ்டம். கொஞ்சம் சலைனை விட்டுக் குழாயைக் கழுவி உள்ளே அனுப்பினால் தீர்ந்தது. எடையும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு முன் எழுதிய எடையை வைத்துக் கணக்குப் போடாமல், வந்த அன்றே நிறுத்துப் பார்க்க வேண்டும். கீமோவில் குழந்தை இளைக்கும், ஸ்டீராய்டில் ஊதும்.

மருந்தை அரை மணி நேரத்துக்குப் பதில் மூன்று நான்கு மணி நேரமாக மெல்ல ஏற்றினால் செறிவு அதிக நேரம் நிற்குமே என்பது நியாயமான யோசனை. கவுண்ட் குறைந்த பெரியவர்களில் இஸ்ரேலில் நடந்து 2018-இல் வந்த ஆய்வு இதற்குச் சாதகம். பின்னர் ஸ்பெயினில் நடந்தது வேறுபாடு இல்லை என்றது. தீவிர சிகிச்சையில் இருந்த ஏழாயிரம் பெரியவர்களைக் கொண்டு 2024-இல் வந்த பிளிங்-3 ஆய்வில் இடைவிடாது மருந்து ஏற்றியவர்களில் இறப்பு 24.9 சதவீதம், வழக்கமான முறையில் 26.8. வேறுபாடு புள்ளியியல் எல்லையைத் தாண்டவில்லை. குழந்தைகளில் இந்த அளவுக்கு ஆய்வே இல்லை. சிரிஞ்ச் பம்ப் கையில் இருந்து, குழந்தை மோசமாக இருந்தால், முதல் டோஸை வேகமாகக் கொடுத்துவிட்டு அடுத்தவற்றை மெல்ல ஏற்றுவதை நான் ஆதரிப்பேன். பம்ப் இல்லாத வார்டில் இதற்காக மல்லுக்கட்டுவதைவிட நள்ளிரவு டோஸ் தவறாமல் பார்ப்பது மேல். கலக்கிய மெரோபெனம் சூட்டில் நெடுநேரம் தாங்காது என்பதையும் சித்திரை வெயிலில் மறக்கக் கூடாது.

அமிகாசின் எதிர்த்திசை. அதற்கு உச்சம்தான் முக்கியம், எனவே ஒரே ஊசியாக நாளுக்கு ஒருமுறை. பிரித்துக் கொடுப்பதால் பலன் அதிகமாவதில்லை, சிறுநீரகத்துக்கும் காதுக்கும் கேடு குறையாது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து வாங்கும் குழந்தைக்குக் கேள்திறன் ஏற்கெனவே ஆபத்தில் இருப்பதால் நாளை எண்ணிக் கொடுக்க வேண்டும். வான்கோமைசினை முதல் நாளே எல்லோருக்கும் சேர்க்க வேண்டியதில்லை. தோல் தொற்றோ, ரத்தநாளத்தில் பொருத்திய குழாயில் தொற்றோ, அதிர்ச்சியோ இருந்தால்தான்.

எத்தனை துல்லியமாகக் கணக்குப் போட்டாலும் பாக்டீரியா மருந்துக்கு அடங்காவிட்டால் அளவு வீண். கார்பபெனத்தை உடைக்கும் என்.டி.எம்.-1 நொதி பற்றி 2010-இல் உலகை உலுக்கிய லான்செட் தொற்றுநோய் இதழ்க் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் எடுத்த மாதிரிகள் அதில் உண்டு. இரண்டு ஆண்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. அதே சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம் கண்டறிந்த என்மெட்டாசோபாக்டம், செஃபிபைமோடு சேர்ந்து 2024-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அந்த அனுமதி பெரியவர்களின் சிக்கலான சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கானது. நம் குழந்தைகளுக்கு அது வந்து சேர இன்னும் ஆய்வு வேண்டும். அதுவரை இருக்கும் மருந்துகளைத் தேய்த்துவிடாமல் வைத்திருப்பது ஒன்றே வழி, அதற்குத் தேவையில்லாதபோது நிறுத்தத் தெரிய வேண்டும்.

கவுண்ட் ஏறும்வரை ஆன்டிபயாடிக்கை நிறுத்தக் கூடாது என்பது பழைய சட்டம். அது தளர்ந்துவருகிறது. ஸ்பெயினில் பெரியவர்களிடம் செய்து 2017-இல் வந்த ஆய்வு, காய்ச்சல் விட்டு 72 மணி நேரம் ஆனபின் கவுண்ட் ஏறாமலே நிறுத்தினாலும் கேடில்லை என்றது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஆபத்து குறைந்த குழந்தைகளில் இதையே சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் நம் நாட்டுக் குழந்தைகள், நம் நாட்டுப் பாக்டீரியா. முன்கூட்டி நிறுத்தியவர்கள் பின்தங்கவில்லை. லேர்ன்பெக்கர் முதலியோரின் பன்னாட்டுக் குழந்தை வழிகாட்டி 2023 பதிப்பில், ஆபத்து குறைந்த குழந்தைக்குக் கல்ச்சர் 48 மணி நேரம் சுத்தமாக இருந்து, 24 மணி நேரமாகக் காய்ச்சல் இல்லாமல், பார்க்கத் தெம்பாகவும் இருந்தால் கவுண்ட் ஏறாவிட்டாலும் நிறுத்தச் சொல்கிறது.

இதைத் தருமபுரிக் குழந்தைக்குப் பொருத்தும்போது மருத்துவர்கள் தயங்குகிறார்கள், தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. கவுண்ட் 200-இல் மருந்தை நிறுத்தி அலகட்டுக்கு அனுப்பினால், மறுபடி காய்ச்சல் வந்தால் இறங்கிவர எத்தனை நேரம் ஆகும்? இந்தப் பயத்தில் மருந்தை இன்னும் ஐந்து நாள் இழுக்கிறார்கள். நிறுத்துவதும் வீட்டுக்கு அனுப்புவதும் இரண்டு தனி முடிவுகள். சான்று சொல்கிறபடி மருந்தை 48 மணி நேரத்தில் நிறுத்தலாம். குழந்தையை மட்டும் கவுண்ட் ஏறும்வரை தருமபுரி நகரில், மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் வந்துசேரும் தூரத்தில், தாயோடு தங்கவைக்க வேண்டும். ஒரு தெர்மாமீட்டர், காலையும் மாலையும் அக்குளில் வைத்துக் குறித்த ஒரு நோட்டு, 108-க்குச் சொல்ல வேண்டிய ‘கீமோ குழந்தை, காய்ச்சல்’ என்ற மூன்று வார்த்தை, எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று எழுதிய அட்டை. தங்குவதற்கு ஓர் அறையும் அந்த நாட்களின் கூலியை ஈடுகட்ட ஒரு தொகையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலோ வேறு வழியிலோ கிடைக்குமானால், ஐந்து நாள் மெரோபெனத்துக்கு ஆகும் செலவில் அது நடக்கக்கூடும்.